முதலாம் தாவீது

எனக்கு முழங்காலில் வருத்தம் எதுவும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுபத்தாறு வயதில் படியேறும்போது கைப்பிடியைப் பிடிப்பது நிதானம். அதை வருத்தம் என்று சொல்வது நாகரிகம் அல்ல.

வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். மொழிபெயர்க்க வந்திருக்கும் நதீஷா நல்ல பிள்ளைதான். ஆனால் நேற்று அவள் என்னைச் சங்கத்தின் உறுப்பினர் என்று சொல்லிவிட்டாள். நான் பத்தொன்பது வருடங்களாகத் தலைவர்.

என் பெயர் சந்தியாப்பிள்ளை வஸ்தியாம்பிள்ளை. ஊர் குருநகர். கனடாவுக்கு வந்தது எண்பத்தொன்பதில். முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தோம். இப்போது ரூஜ் பகுதியில் மகன் யூட்சனின் வீட்டில் இருக்கிறோம். கீழ்த்தளம்தான், ஆனால் தனி வாசல் உண்டு.

எங்கள் சங்கம் ஒவ்வொரு தவக்காலத்திலும் ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்துத் தாவீது அரசரின் கூத்தைப் போடுகிறது. எங்கள் கூத்தில் பெரிய பாத்திரத்தை ஒருவரே முழுவதும் ஆடுவதில்லை. பங்கு போட்டு ஆடுவோம். ஒரு தாவீது உள்ளே போக, இன்னொரு தாவீது வெளியே வருவார். ஒரே ஆள் எப்படி இரண்டு பேராக இருக்க முடியும் என்று அதிகாரி மூன்று தடவை கேட்டார். இருக்கலாம். முதலாம் தாவீது கவண் எறிந்து கோலியாத்தை வீழ்த்துவார், மலையில் ஏறி வெற்றிப் பாட்டுப் பாடுவார், முடிசூடிக்கொண்டு உள்ளே போவார். இரண்டாம் தாவீது வந்து அரண்மனைக் கூரையில் நின்று, அடுத்த வளவில் பத்சேபா குளிப்பதைப் பார்ப்பார். அவளை அழைப்பித்துக் கெடுப்பார். அவளுடைய புருஷன் உரியாவைப் போர்முனைக்கு அனுப்பி, அவனுக்குப் பக்கத்தில் நிற்பவர்களை விலகச் சொல்லிக் கடிதம் எழுதுவார். உரியா சாவான். அரசர் ஒருவர்தான், ஆனால் பாவம் செய்தவர் இரண்டாமவர். கடவுளுக்குக்கூட இந்த ஏற்பாடு வசதியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

என் தகப்பனார் சந்தியாப்பிள்ளை முதலாம் தாவீது. அவருக்குப் பின் நான். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்தக் கூரையில் ஏறியதில்லை.

இந்த வருடம் பழைய அண்ணாவியார் மொன்றியலுக்கு மகளோடு இருக்கப் போய்விட்டார். கூத்தைப் பழக்கும் பொறுப்பு யூட்சனிடம் வந்தது. அவன் மார்க்கம் நகரில் கணினி வேலை செய்கிறவன். எதையும் ஒரு அட்டவணையில் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, வேஷங்களை அட்டவணையாகக் காட்டினான். முதலாம் தாவீதுக்கு நேரே அவனுடைய பெயர் இருந்தது. என் பெயர் அடுத்த வரியில் இருந்தது.

"அப்பா, உங்களுக்கு முழங்கால் ஏலாது. இரண்டாம் தாவீதுக்குப் பெரிய ஆட்டம் இல்லை."

"ஆர் சொன்னது ஏலாது எண்டு?"

"போன வருசம் கல்லை எறிஞ்சிட்டு நீங்களும் விழுந்தீங்கள். கோலியாத்துதான் எழும்பி வந்து தூக்கிவிட்டது."

கோலியாத்தாக ஆடுபவன் சீமோன். வீடு விற்கும் முகவர், ஆறடி உயரம். தன் தொலைபேசி எண்ணைக் கேடயத்தில் எழுதிக்கொண்டுதான் மேடைக்கு வருவான்.

"ஓம் அங்கிள்," என்றான் அவன் வாயில் கடித்த பற்றிஸோடு. "செத்த நான் எழும்பினதுக்குத்தான் அண்டைக்குச் சனம் கூடக் கைதட்டினது."

நான் விழவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்ல மண்டியிட்டேன். அதை அந்த இடத்தில் விளக்குவது தலைவருக்கு அழகல்ல.

அட்டவணையின் ஆறாவது வரியைக் கண்டவள் என் மனைவி அருள்மலர். பத்சேபாவுக்கு நேரே ஸ்டெபனியின் பெயர் இருந்தது. ஸ்டெபனி யூட்சனின் மனைவி, எங்கள் மருமகள்.

"மருமேள் குளிக்கிறதை மாமன் எட்டிப் பாக்கிறதோ? டேய், உனக்கு மூளை கழண்டு போச்சோ?"

"அம்மா, ஒரு பெட்ஷீற்றுக்குப் பின்னால நிண்டு வாளியில தண்ணி அள்ளுறதுதான். ஹூடியும் போட்டிருப்பாள்."

"மாமாவுக்கு அந்தரமா இருந்தால் நான் வின்ரர் கோட்டே போடுறன்," என்றாள் ஸ்டெபனி.

எல்லோரும் சிரித்தார்கள். வேறு பெண் இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், கேட்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்று ஆகிவிடும். நல்லது என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஏழு கிழமையும் வாரம் தவறாமல் ஒத்திகையில் கூரைக் கட்டம் வரும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினேன்.

அந்த ஏழு கிழமையில் நான் நிறைய யோசித்தேன். கோபத்தோடு யோசிக்கவில்லை. மகன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. எங்கள் குடும்பத்தின் பெயரைப் பற்றித்தான் யோசித்தேன். மண்டபத்துக்கு எழுநூறு பேர் வருவார்கள். படம் பிடிப்பார்கள். லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அன்றைக்கே பார்ப்பார்கள். சந்தியாப்பிள்ளையின் மகன் கூரையில் நின்று மருமகளைப் பார்க்கிற படம் உலகம் முழுக்கச் சுற்றும். நடிப்புத்தானே என்று ஆட்கள் சொல்வார்கள். நடிப்புக்காகவும் எங்கள் குடும்பத்தில் ஒருவர் பாவம் செய்யக்கூடாது. இதுதான் காரணம். இதைவிட வேறு காரணத்தை அதிகாரி தேட வேண்டாம்.

இனி அந்தச் சனிக்கிழமை.

கூத்து பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. மேடையில் ஏழடி உயரத்தில் பலகையால் செய்த மலை. உருட்டிக்கொண்டு வருவதற்காக அதற்கு நான்கு சில்லுகள். தாவீது உச்சியில் நின்று பாடும்போது மலை ஓடாமல் இருக்க, பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். அந்த வேலையைச் சங்கத்தின் பொருளாளருக்கும் உபசெயலாளருக்கும் கொடுத்திருந்தோம். நம்பிக்கையான ஆட்கள்.

நாலு பத்துக்கு யூட்சன் கவண் எறிந்தான். சீமோன் விழுந்தான். சனம் ஆரவாரம் செய்தது. அந்த நேரத்தில் நான் பொருளாளரையும் உபசெயலாளரையும் அவசர நிர்வாகக் கூட்டத்துக்கு அழைத்தேன்.

"இப்பவோ அண்ணை? மலையைப் பிடிக்கவெல்லோ வேணும்," என்றார் பொருளாளர்.

"தலைவர் கூப்பிட்டால் வாறதுதான் முறை," என்றேன். வந்தார்கள்.

கூட்டம் மண்டபத்தின் சமையலறையில் நடந்தது. மூன்று பேர் இருந்தால் கூட்டம் செல்லும். விடயம் ஒன்றுதான்: மலையைப் பிடிப்பவர்களின் சேவையைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றுதல். நான் முன்மொழிந்தேன், உபசெயலாளர் வழிமொழிந்தார். எல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் நேரத்தோடு உள்ளது. அதை இப்போது அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறார். எங்கள் குறிப்பேட்டுக்கு இவ்வளவு மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

உரியாவின் கதையைக் கேட்டுவிட்டு, நீங்களும் அதையேதானே செய்தீர்கள் என்று நதீஷா கேட்டாள். சைவப் பிள்ளை, வேதாகமம் தெரியாதவள். அவள்மேல் குற்றம் இல்லை. அரசர் கடிதம் எழுதினார். நான் கடிதம் எழுதவில்லை, கூட்டம் கூட்டினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது மேடைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. தேங்காய் மூட்டையைச் சீமெந்தில் போட்டால் வரும் சத்தம். நான் எழும்பிப் போனேன். கூட்டத்தை முடித்துவைக்கவில்லை. தலைவர் முடிக்காமல் மற்றவர்கள் எழும்பக் கூடாது என்பது எங்கள் யாப்பு, சங்கத்தின் சட்டம். கதவையும் வெளியே பூட்டினேன். கூட்டம் நடக்கும்போது வெளியாட்கள் வரக் கூடாது என்பதும் யாப்பில் உண்டு.

மலை முன்னுக்கு ஓடியிருந்தது. யூட்சன் அதற்குப் பின்னால், தரையில் கிடந்தான். சனத்துக்குத் தெரியாத இடம். நான் மேல் அங்கியைக் கழற்றினேன். உள்ளே முதலாம் தாவீதின் உடுப்பு இருந்தது. காலையிலேயே போட்டுக்கொண்டுதான் வந்தேன். மேடைக்குப் போனேன். எழுநூறு பேரில் ஒருவர்கூட எழும்பவில்லை. ஒரு தாவீது மறைய இன்னொரு தாவீது வருவதைப் பார்த்துப் பழகிய சனம். கைதட்டினார்கள். மத்தளக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையை அசைத்தேன், அடித்தார்.

செத்துக் கிடந்த சீமோன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"அங்கிள், யூட்சன் அசையிறானில்லை."

"செத்த ஆள் கதைக்கக் கூடாது," என்றேன் மெதுவாக.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒழுங்கான நடிகன்.

முதலாம் அடி முடிந்து திரும்பியபோது ஸ்டெபனி மேடையின் ஓரத்தில், யூட்சனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். கையில் தொலைபேசி. பத்சேபா மேடைக்கு வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நான் ஆட்டத்தோடு ஆட்டமாக அந்தப் பக்கம் போய்த் தொலைபேசியை வாங்கி இடுப்புப் பட்டியில் செருகினேன்.

"மாமா, தாங்கோ! ரத்தம் வருது!"

"பாட்டு முடியட்டும் பிள்ளை."

பன்னிரண்டு அடி உள்ள பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் மூன்று துள்ளல். எல்லாவற்றையும் துள்ளினேன். படம் பிடித்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்டெபனி சமையலறைக் கதவைத் தட்டியதாகவும், பின்பு பத்சேபாவின் உடுப்போடு வெளியே ஓடி, கார் தரிப்பிடத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒருவரின் தொலைபேசியில் அழைத்ததாகவும் பிறகு அறிந்தேன். உதவி வந்து சேரப் பதினொரு நிமிடம் போய்விட்டது என்று அதிகாரி சொல்கிறார். அந்தப் பதினொரு நிமிடம்தான் முக்கியம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அந்தப் பாட்டை அதைவிடக் குறைந்த நேரத்தில் மரியாதையாகப் பாட முடியாது. அம்புலன்ஸ்காரர் கடைசி அடிக்கு உள்ளே வந்தார்கள். சனம் அவர்களுக்கும் கைதட்டியது. திரை விழுந்த பிறகு ஸ்டெபனியின் தொலைபேசியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் பகுதி நடக்கவில்லை. ஆட ஆள் இல்லை. கோலியாத்தை வென்று முடிசூடியதோடு தாவீதின் கதை முடிந்தது. பிள்ளைகளைக் கூட்டிவந்து பார்க்கக்கூடிய தாவீதை முதல் தடவையாகப் பார்த்தேன் என்று ஒரு அன்ரி என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

இனி அந்த இரண்டு மரக்கட்டைகள். என் குளிர்ச் சட்டையின் பைக்குள் கிடந்ததை அதிகாரி கண்டெடுத்து, என்னவென்று கேட்டார். மலையின் சில்லுகளுக்கு முன்னால் வைக்கிற கட்டைகள். ஆட்கள் கையை விட்டாலும் மலை ஓடாது, கட்டை தாங்கும். அதனால் கூட்டத்துக்குப் போகுமுன் அவற்றை நானே குனிந்து எடுத்தேன். சங்கத்தின் சாமான், கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. மலை கொஞ்சம் ஆடும், அவன் பயந்து இறங்குவான், நான் ஏறுவேன் என்றுதான் நினைத்தேன் என்று முதல் நாள் சொன்னேன். அதை இப்போது திருத்துகிறேன். ஏழடி உயரம், கீழே சீமெந்து. என் கையால் பூட்டிய சில்லுகள் அவை. எவ்வளவு ஓடும் என்று எனக்குத் தெரியும். கட்டைகளை எடுத்ததும், ஆட்களை விலக்கியதும், கதவைப் பூட்டியதும், தொலைபேசியை வாங்கியதும் நான்தான். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை. எங்கள் குடும்பத்தில் செய்ததை மறுக்கும் வழக்கம் இல்லை.

யூட்சன் எட்டு நாட்கள் கண் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள், நேற்று, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்று காலை அதிகாரி என் வழக்குக் கோவைக்குப் புதிய அட்டை போட்டிருக்கிறார். அதில் குற்றத்தின் பெயரும் வேறு.

ஆஸ்பத்திரியில் ஸ்டெபனி என்னைப் பார்க்கவில்லை. அருள்மலர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்? உங்கட பிள்ளையெல்லோ? ஒருக்கா அழுங்கோவன்."

நதீஷா ஒரு கடதாசித் துவாயை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. நான் கல்நெஞ்சன் என்று அவர்கள் குறித்துக்கொண்டிருப்பார்கள். அதைத் திருத்தத்தான் இந்தக் கடைசிப் பந்தி. மகன் செத்த செய்தி வந்ததும் தாவீது அரசர் நிலத்தில் விழுந்து, என் மகனே, உனக்குப் பதிலாக நான் செத்திருக்கக் கூடாதா என்று அழுகிற பாட்டு ஒன்று கூத்தின் முடிவில் இருக்கிறது. எனக்கு முழுவதும் மனப்பாடம். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது முதல் அடி தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் அது இரண்டாம் தாவீதின் பாட்டு.