முத்தல் இலையும் மூளைப் பரீட்சையும்

அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய அவசர அறிவிப்பு! தலைவர் அவர்களின் இடது கால் செருப்பை, கீழ் லயத்து வீட்டு நாய் கவ்விக்கொண்டு ஃபேக்டரிப் பக்கம் சென்றுவிட்டது. வலது கால் செருப்பு நலமாக இருக்கிறது. உட்காரலாம்.

ஒற்றைச் செருப்போடும் ஓங்கி விளங்கும் தலைவர், மஞ்சூர்க் கடைவீதி ஜலாலுதீன் பாய் அவர்களே! தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கஞ்சி குடித்து, இந்த மலையில் குடியேறிய பெரியோர்களே! தேயிலைக் கொழுந்து கிள்ளிய களைப்பிலும் எங்கள் தொடையைக் கிள்ள மறக்காத தாய்மார்களே! வணக்கம்.

இளைஞர் மன்றம் எனக்குத் தந்த தலைப்பு, 'மூளையும் நானும்'.

"அதுல ஒண்ணுதானடா வந்திருக்கு!" என்கிறான் பின்வரிசை வடிவேல். நன்றி, தம்பி. இன்னொன்றை உனக்கு இரவல் தந்தேன், பயன்படுத்தாமலே வைத்திருக்கிறாய்.

என் அம்மா வேலாயியை அறியாதவர் உண்டா? கொழுந்து நிறுக்கும் முன் கூடையைக் கொட்டி, முத்தல் இலையைப் பொறுக்கி எறிவது எல்லோர் வழக்கம். அம்மாவோ கொட்டுவார், பொறுக்குவார், அள்ளுவார். ஒரு முத்தல் தப்பியிருக்குமோ என்று மறுபடியும் கொட்டுவார்! தராசு ஓய்ந்தாலும் கை ஓயாது. லாரி போனாலும் சந்தேகம் போகாது! நாம் சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த கோயம்புத்தூர் டாக்டர் நாச்சிமுத்து சொன்னார், இது எண்ணம் சுழலும் நோய், மருந்து உண்டு என்று. அம்மா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எம் புள்ளைங்களுக்கும் வந்துருமா, டாக்டரய்யா?" என்றுதான் கேட்டார்.

"பாத்துப்போடலாமுங்க."

எனக்கும் தங்கை தெய்வம்மாவுக்கும் பரீட்சை! ஞாபகம் எப்படி, கவனம் எப்படி, திட்டமிடும் திறம் எப்படி? முதலில் சீட்டுக் கட்டு. நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். அண்ணனும் தங்கையும் என்ன செய்தோம்? ஓரம் மடங்கியது, கறை படிந்தது, கிழிந்தது எல்லாவற்றையும் முதலில் பொறுக்கித் தரையில் எறிந்தோம்! டாக்டரின் பேனா தாளில் பறந்தது. அம்மாவின் முகம் இருண்டது.

"வந்திருச்சா, ஐயா?"

அப்போது ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த வடிவேல் கத்தினான்: "டேய், மேசைக்கடியில இன்னொரு முத்தல் கெடக்குடா!"

டாக்டர் அவனையும் உள்ளே அழைத்துச் சீட்டுக் கட்டைக் கொடுத்தார். அவனும் அதே சீட்டுகளை எறிந்தான்! அவன் வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லை. வேறு நோய்கள் உண்டு, நேரமில்லை. டாக்டர் குலுங்கிச் சிரித்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, இது நோயில்லீங்க, தோட்டத்துப் பழக்கம். ஊட்டுல ஒருத்தருக்கு இருந்தா, புள்ளைங்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடத்தானுங்க. ஆனா வந்தே தீரும்னு இல்லீங்க. மத்த சோதனையும் பாத்துக்கறேன், நீங்க வேலைக்குப் போங்க."

பெரியோர்களே! கண்ணைச் சோதிக்க வெட்கமில்லை, காதைச் சோதிக்க வெட்கமில்லை. கருத்தைச் சோதிக்க மட்டும் வெட்கமா? கூடையைக் கொட்டும் கையைப் பார்த்துச் சிரித்தோமே, கூட உட்கார்ந்து அள்ளிக் கொடுத்தோமா?

அன்று மாலை லயம் முழுக்க முழங்கினேன்: "முதலிடம் எனக்கு! மலையிலேயே மாசற்ற மூளை!" அம்மா அன்றுதான் நிம்மதியாக உறங்கினார்.

ம்... ஒரு நிமிஷம். சோடா இல்லையா? சரி.

நான் முழங்கியது பொய். முதலில் முடித்தவள் தெய்வம்மா. நான் கம்பியில் வளையம் அடுக்கும் சோதனையில், அடுக்கியது சரியில்லை, சரியில்லை என்று கலைத்துக் கலைத்து, டாக்டர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அடுக்கிக்கொண்டிருந்தேன். "நோயின்னு சொல்லலை, தம்பி. அடுத்த மாசம் அம்மாவோட வா" என்றார். நான் வீட்டில் சொல்லவில்லை. அவர் வரச் சொன்ன நாள் நாளைக்கு.

அம்மா, முன்வரிசையிலிருந்து அப்படிப் பார்க்காதீங்க. தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் வாங்க.

கல்லெறியாமல் கேட்ட நல்லோர் அனைவருக்கும் நன்றி, வணக்கம்... ஐயோ, அம்மா, மேடையிலெல்லாம் ஏற வேண்டாம்... எல்லாரும் பாக்குறாங்க... சரி, வாங்க.