டேரிலுக்கு விக்கி வேண்டாமாம்

— விக்கி மட்டும் வேண்டாம் வித்யா. வேற எது வேணா போடலாம், அது வேண்டாம்.

— ஏனப்பா, போன வாரம் நீதான விக்கி விக்கின்னு குதிச்சே? தமிழ் டைப் பண்ற சாஃப்ட்வேர ஊருக்கெல்லாம் ஓசியில குடுக்கறோம், அதுக்கு ஒரு வெப்சைட் வெக்கோணும். அவ்ளோதான? விக்கின்னா யார் வேணா வந்து எழுதலாம், தப்பிருந்தா திருத்தலாம். உனக்கு எங்க வலிக்குது?

— அதான் பேஜார். யார் வேணா வருவான், கண்டதையும் எழுதிட்டுப் போவான். ப்ளாக் டூல் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், சூப்பர். நீயும் நானும் மட்டும் பாஸ்வேர்ட் போட்டு எழுதலாம்.

— அப்ப கோயமுத்தூர்ல இருந்து நமக்கு ஒத்தாசை பண்ற கணேசமூர்த்தி ஒரு வரி எழுதோணும்னா உன்ற கிட்ட வந்து நிக்கோணுமா? ஆபீஸ்ல லீவு கேக்கறாப்புல?

— சரி விடு, எல்லாப் பக்கத்தையும் நானே கையால எழுதிடறேன். சும்னே எதுக்கு டூலு?

— சும்மாவச் சும்னேன்னுட்டு, நீ எழுதிக் கிழிச்சே. தீபாவளிக்கு முன்னாடி "விரைவில் வரும்"னு ஒரு வரி போட்டே. இன்னும் அது மட்டுந்தான் நிக்குது.

— சிரிக்காதம்மா, சீரியஸா சொல்றேன். விக்கில எதையும் ஒழுங்கா அழிக்க முடியாதாமே? கசின் ஓஸ்வால்ட் நேத்துதான் சொன்னான். அழிச்சாலும் பழசு எல்லாம் வரலாறுன்னு தனியா ஒரு பக்கத்துல அப்படியே இருக்குமாம்.

— ஓ. துரைக்கு நேத்துதான் தெரிஞ்சுதாக்கும்?

— ஏன் அப்படிக் கேக்கற?

— போன வாரம் விக்கி போட்டுப் பாத்தமே, அந்தச் சோதனைப் பக்கத்துல என்னத்தையோ எழுதி, ஒடனே அழிச்சுப்போட்டு, தப்பிச்சோம்டா சாமின்னு தூங்கிட்டியே, அதனால கேக்கறேன்.

— வித்யா...

— "வித்யா, உன்னைக் கல்யாணம் பண்ணிக்க ஆசை. நேர்ல சொல்ல தைரியம் வரல." படிச்சுட்டேன்.

— ஏசப்பா! அது சும்னே டெஸ்ட் பண்ணேன்மா. எழுத்து சரியா விழுதான்னு...

— ஆடு, இலைன்னு அடிச்சா விழாதாக்கும்?

— கோவமா?

— கோவம்னா பெங்களூர்ல அந்த மூலை ஹெப்பகோடில இருந்து பஸ் மாறி மாறி லிங்கராஜபுரம் வந்து, உங்கம்மா சுட்ட கட்லெட்டத் தின்னுட்டு உக்காந்திருப்பனா? எனக்கும் உன்ன ரொம்பப் புடிக்கும். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. என்ற அப்பாவ நெனச்சாத்தான் பயமா இருக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை எங்கூரு கோபியில என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. நீ சர்ச்சுக்குப் போறவன். அவருகிட்ட எந்த வாயில போய்ச் சொல்லுவேன்?

— நான் வந்து பேசட்டுமா?

— நீயா? வாசல்லயே "சும்னே வந்தேன் அங்கிள்"னுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுருவே.

— அப்ப அவ்ளோதானா, வித்யா?

— அவ்ளோதான்னா எதுக்குப் பதில் எழுதுவேன்? வியாழக்கிழமையே அதே பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். நீ பயந்துட்டு அந்தப் பக்கம் எட்டியே பாக்கல. இரு, தொறக்கறேன். இந்தா.

— "எனக்குச் சம்மதம் டேரில். எங்கப்பாகிட்ட யாரு சொல்றது?" வித்யா! நிஜமாவா?

— நெசந்தான். கைய விடு, உங்கம்மா வந்துருவாங்க.

— ஏய், இதுக்குக் கீழ இன்னும் என்னவோ இருக்கே. அதுவும் நீதானா?

— இல்லியே. அதுக்குக் கீழ நான் ஒண்ணும் எழுதல. தள்ளு, பாக்கறேன்... அய்யோ.

— என்னாச்சு? யாரு எழுதினது? ஏம்மா அழற?

— பெங்களூர்ல அப்படி என்னதான் பண்றேன்னு பாக்கோணும்னு கேட்டாரு. நான்தான் சைட் விலாசத்தக் குடுத்து, ப்ரவுசிங் சென்டர்ல போய்ப் பாருங்கன்னேன். என்னால முடியல, நீயே சத்தமாப் படி.

— "யாரும் சொல்ல வேண்டாம், படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இப்படிக்கு, அப்பா."