குளிரில் பிடிக்கும் பேட்

— அந்தப் பொட்டலத்தை ஏன் மாமா உள்ள தள்றீங்க? காட்டத்தானே கொண்டு வந்தேன்.

— பழைய பிரேக் பேட்ல பார்க்க என்ன இருக்கு மாப்ளை? கை கறுப்பாகும். குப்பையில போட்டுடலாம். நீங்க முதல்ல உக்காருங்க.

— உக்கார நேரம் இல்ல. நாளைக்குக் காலையில உங்க பொண்ணுக்கு மாவுக்கட்டு பிரிக்கிறாங்க. அதுக்குள்ள காருக்குப் புது பேட் மாட்டணும்.

— நாளைக்கா? அடுத்த வாரம்னுல்ல எங்கிட்ட சொன்னா.

— எலும்பு சேர்ந்துடுச்சாம். நல்லவேளை, இடது கை.

— நல்லவேளையாம். பாத்ரூம்ல வழுக்கி விழுறதுல என்ன நல்லவேளை வேண்டிக்கிடக்கு? அந்தத் தரையை மாத்துங்கன்னு நான் எத்தனை தடவை...

— மாத்தறேன் மாமா. இப்ப பேட்டைச் சொல்லுங்க.

— நீங்க கேளுங்க, நான் எடுத்துத் தரேன். இது கடைதானே.

— கேட்கத் தெரிஞ்சா கேட்க மாட்டேனா? வார நாள்ல ஆபீசுக்கு அவ ஓட்டறா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நான் ரேஸ் டிராக்ல ஓட்டறேன். வண்டி ஒண்ணு. எந்த பேட் போட்டா ரெண்டுக்கும் சரிவரும்?

— டிராக்கை விட்டுட்டா ரொம்ப சுலபம்.

— மாமா...

— சும்மா சொன்னேன்.

— நீங்க என்னைக்கு சும்மா சொல்லியிருக்கீங்க?

— சரி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு செய்யலாம். ரெண்டு செட் வாங்கி வச்சுக்கங்க. சனிக்கிழமை டிராக் பேட்டை மாட்டுங்க, ஞாயிறு சாயங்காலம் கழட்டிட்டு ரோட்டு பேட்டைப் போடுங்க. ஒரு மணி நேர வேலை.

— இவ்வளவுதானா? இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே.

— அப்ப... தோணல.

— பிரேக் சாமான்ல உங்களுக்குத் தோணாததுகூட இருக்கா? ஊரே உங்ககிட்டதான் கேட்டுட்டுப் போகுது.

— வயசாகுது மாப்ளை. அது இருக்கட்டும், போன தடவை டிராக் பேட்தானே வாங்கிட்டுப் போனீங்க. எப்படி இருந்துச்சு?

— ரோட்ல பிரமாதம். காலைக் குளிர்லகூட முதல் மிதியிலயே புடிச்சுது. சத்தமே இல்ல. டிராக் பேட்டுன்னா கீச்சுகீச்சுன்னு கத்தும், சூடாகற வரைக்கும் வழுக்கும்னு கூட ஓட்டறவங்க பயமுறுத்தி வச்சிருந்தாங்க. உங்க பொண்ணுக்கு ஒரே பெருமை. எங்கப்பா கடை சாமான்னா சும்மாவான்னு.

— அப்படியா சொன்னா?

— சொன்னா. என்ன மாமா, இப்படி வேர்க்குது? ஃபேன் போடவா?

— ஓடிட்டுத்தான் இருக்கு. டிராக்ல?

— ம்?

— டிராக்ல எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.

— அது... நல்லாத்தான் இருந்திருக்கும். நான்தான் சரியா ஓட்டல. பம்பர்ல சின்னக் கீறல், அவ்வளவுதான்.

— நீங்க வாசல்ல வண்டியை நிறுத்தறப்பவே பார்த்தேன். முன் பம்பர் மட்டும் வெயில்ல வேற கலரா தெரியுது. கீறலுக்கு யாராவது பம்பரையே மாத்துவாங்களா?

— உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. சரி, சொல்றேன். வீட்ல அத்தைகிட்ட போட்டு உடைச்சுடாதீங்க.

— சொல்லுங்க.

— நேரா நீளமா ஓடி, கடைசியில சட்டுனு ஒரு வளைவு. வளைவுக்கு நூத்தம்பது மீட்டர் இருக்குன்னு ஒரு பலகை, அப்புறம் நூறு மீட்டர்னு ஒரு பலகை. பழைய பேட் இருந்தப்ப பயந்துக்கிட்டு முதல் பலகையிலயே மிதிச்சுடுவேன். அன்னைக்கு, டிராக் பேட் இருக்கே, தாங்கும்னு... நூறு வரைக்கும் விட்டேன்.

— நூறு வரைக்குமா?

— அதுக்குத்தானே மாமா அந்த பேட்டு? நாலு சுத்து அம்சமா நின்னுச்சு. அஞ்சாவது சுத்துல காலை வச்சேன். நிக்கல.

— பெடல் உள்ள போயிடுச்சா? மெத்துமெத்துன்னு?

— இல்ல, கல்லு மாதிரி இருந்துச்சு. எழும்பி நின்னு மிதிக்கிறேன், வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு.

— உள்ள போயிருந்தா பிரேக் ஆயில் கொதிச்சிடுச்சுன்னு சொல்லலாம். கல்லு மாதிரின்னா...

— கல்லு மாதிரின்னா?

— ஒண்ணுமில்ல. அப்புறம்?

— அப்புறம் என்ன, ஓரத்துல டயரா அடுக்கி வச்சிருப்பாங்கள்ல, அதுல போய் இடிச்சு... அப்படிப் பார்க்காதீங்க மாமா. எனக்கு ஒண்ணும் ஆகல. முழுசாத்தான் நிக்கிறேன்.

— ஒரு மாசமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.

— எப்படிச் சொல்ல? நல்ல பேட்டை வச்சுக்கிட்டு ஓட்டத் தெரியலைன்னு அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. இப்ப கால்லயே நம்பிக்கை இல்ல. சிக்னல் அம்பதடி தள்ளி இருக்கிறப்பவே மிதிக்கிறேன். பின்னாடி வர்றவன் ஹாரனை வச்சு அலறவிடறான். பம்பர் மாத்தின இடத்துல ஏதோ அரதப்பழசு பேட் ஒண்ணைப் போட்டு அனுப்பியிருக்காங்க, அது வேற பயம்.

— அவளுக்குத் தெரியுமா? இடிச்சது?

— தெரியும். நான் ஓட்டினா ஏற மாட்டேங்கிறா. ஒரு மாசமா ஆபீசுக்கு வாடகை வண்டிதான். நாளைக்கு மட்டும் என்கூட வரேன்னு சொல்லியிருக்கா. அதுக்குத்தான் மாமா இந்த ஓட்டம். நாளைக்கும் எங்கயாவது கால் தடுமாறுச்சுன்னா... அவ்வளவுதான், அப்புறம் எப்பவுமே ஏற மாட்டா.

— அழறீங்களா மாப்ளை?

— இல்ல. கொடுங்க, இடிச்சப்ப வண்டியில இருந்த அந்த பேட்டை. டிராக் ஆபீஸ்ல ஒருத்தர் பார்க்கணும்ங்கிறார்.

— அது எதுக்கு அவருக்கு?

— ஏன் இடிச்சுதுன்னு தெரியாம மறுபடி உள்ள விட மாட்டாராம். கொடுங்க.

— வேணாம். அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது.

— பதினஞ்சு வருஷமா இதே வேலையா இருக்கிறவர் மாமா. கையை எடுங்க... என்ன பிடி இது? பிரிச்சுப் பார்க்கறதுக்குள்ள பேப்பரே கிழிஞ்சுபோச்சு. பாருங்க, முகமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளங்குது. ஓரம் உதிருது. பின்னாடி தகட்டுல நம்பர் எங்க? யாரோ தேய்ச்ச மாதிரி இருக்கே. போலி சரக்கா? உங்க தலையிலயே எவனோ கட்டிட்டானா? யாரு அனுப்பினது, போன் நம்பர் கொடுங்க, நான் பேசறேன்.

— பேசாதீங்க. அவன் மேல தப்பில்ல.

— பின்ன?

— உப்புத்தாளை வச்சு நான்தான் தேய்ச்சேன்.

— நீங்களா?

— பெட்டிதான் டிராக் பேட்டோடது. உள்ள இருந்தது சாதாரண ரோட்டு பேட். டிராக் சூட்டை அது தாங்காது.

— மாமா, விளையாடற நேரமா இது...

— விளையாடல. டிராக் பேட்டுக்கு சூடு ஏறணும். குளிர்ல முதல் நாலஞ்சு மிதி வழுக்கும். உங்க வீட்டு கேட்டைத் தாண்டினா ரெண்டு நிமிஷத்துல மெயின் ரோடு, லாரிங்க பறக்குது. காலையில அவ அங்க வந்து மிதிக்கிறதை நினைச்சாலே எனக்கு சோறு இறங்கல.

— எங்கிட்ட சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. வேணாம்னு ஒரு வார்த்தை.

— கல்யாணமாகி மூணு வருஷத்துல முதல் தடவையா எங்கிட்ட வந்து ஒண்ணு கேட்டீங்க. அதுவும் அவ்வளவு ஆசையா. மாப்பிள்ளைகிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வரல. ரோட்டு பேட்டா இருந்தா டிராக்ல கொஞ்சம் மெதுவா போவீங்க, அவ்வளவுதானேன்னு நினைச்சுட்டேன். பெட்டியை நம்பி நூறு மீட்டர் வரைக்கும் விடுவீங்கன்னு புத்தியில படல. நாள் பூரா பிரேக் விக்கிறவனுக்கு அது பட்டிருக்கணும்.

— ஒரு மாசம் மாமா. ராத்திரி படுத்தா இந்தக் காலையே வெட்டிப் போட்டுடலாம்னு இருக்கும் எனக்கு.

— திட்டுங்க. மாமனார்னு பார்க்காதீங்க, வாய்விட்டுத் திட்டுங்க. எல்லாம் அவளுக்காகத்தான் மாப்ளை. அவளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு பண்ணினேன். இப்பவே ஷட்டரை இறக்கிட்டு உங்ககூட வரேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு நானே அவகிட்ட சொல்லிடறேன்.

— வாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவா. ஆனா அவ பாத்ரூம்ல விழல மாமா... அன்னைக்கு ஒரு தடவை நானும் வந்து பார்க்கறேன்னு ஆசையா என் பக்கத்து சீட்ல ஏறி உக்காந்திருந்தா.