மட்டையோடு ஓடிய றொய்சன்

மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, கணவனை இழந்து வாடும் வேரோனிக்கா அவர்களே, மோர்னிங்சைட் மைதானத்தின் பெற்றோர்களே, எங்கள் செல்லப் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சனிக்கிழமைக் காலைகளில் நானும் றொய்சனும் சேர்ந்துதான் இந்தப் பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்கினோம். போன கிழமை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நான் என்னத்தைப் பேச?

பயிற்றுநர் றொய்சன் அமிர்தநாதர்! முப்பது ஆண்டுகளுக்கு முன், பதினெட்டு வயதில், இந்தக் கனடாவில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடிய எங்கள் பிள்ளை! ஒரேயொரு கோடைகாலம்தான் ஆடினான். முதல் ஆட்டத்துக்கு அவனுடைய அப்பா அமிர்தநாதர் அங்கிளோடு நானும் போயிருந்தேன். அங்கிள் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர். பேஸ்போலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். றொய்சன் ஓங்கி அடித்தான். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். அங்கிளுக்கு அது தெரியுமா? எழுந்து நின்று கத்தினார்.

"தம்பி, மட்டையை விடாதை! கொண்டு ஓடு!"

போட்ட மட்டையைக் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினான் றொய்சன்! அரங்கமே சிரித்தது.

ஆட்டம் முடிந்து வந்தவனிடம் அங்கிள் கேட்டார்: "ஏன் தம்பி எல்லாரும் சிரிச்சவை?"

"சந்தோசத்திலை, அப்பா."

அந்தக் கோடை முடியுமுன் அங்கிள் மாரடைப்பில் போய்விட்டார். தாயையும் தங்கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று றொய்சன் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அணி மறுபடி கூப்பிட்டது; போகவில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான்! எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அவனோ ஒருநாளும் வாய்விட்டுக் கவலைப்பட்டதில்லை.

எங்கள் மைதானத்து வேலியோரம் நின்று எத்தனை அப்பாமார் கிரிக்கெட் நினைப்பில் கத்தியிருப்பீர்கள்! ஒருவரையாவது அவன் வாயை மூடச் சொன்னானா? நான் ஒருமுறை ஒரு அப்பாவிடம் எரிந்து விழுந்தபோது சொன்னான்:

"விடு மச்சான், கத்தட்டும். உந்தப் பெடியனுக்குக் கத்த ஒரு அப்பா இருக்கிறார்."

நேற்றுப் பெட்டியை மூடுமுன் வேரோனிக்கா அந்தப் பழைய மட்டையை அவனுடைய கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, வருகிற சனிக்கிழமையும் வாருங்கள். பயிற்சி நடக்கும், எனக்கு உயிர் இருக்கும்வரை நடக்கும். அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுங்கள், அவன் சொல்லித் தந்தபடி.

றொய்சன், நீ மட்டும் போட்டுவிடாதே மச்சான். அங்கிள் பார்த்துக்கொண்டு நிற்பார். கொண்டு ஓடு!