சுவாமிக்கு ஒதுக்கின சீட்டு

பலாலி வீதி பஸ்ஸில், "மதகுருமாருக்கு" என்று எழுதியிருந்த சீட்டில் ஒரு அம்மா இருந்தா. வெள்ளை அங்கி போட்ட அவவின் மகன், புதுப் பாதிரியார், பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் அந்த அம்மாவுக்குப் பின்சீட்டில்.

"சாப்பாடு ஒழுங்காய்த் தருகினமோ, சுவாமி?"

"அம்மா, பெத்த பிள்ளையை ஏன் சுவாமி எண்டுறியள்?"

"குருப்பட்டம் எடுத்தாப் பிறகு வேறை என்னெண்டு கூப்பிடுறது?"

"சுவாமி எண்டது சமஸ்கிருதச் சொல். உடையவன், எசமான் எண்டு அர்த்தம். என்னட்டை என்ன கிடக்கு? சைக்கிள் கோயிலின்ரை. செருப்பு நீங்கள் வாங்கித் தந்தது. இந்த பஸ்ஸிலை ஒரு சீட்டு எனக்கெண்டு எழுதிக் கிடக்கு. அதிலையும் நீங்கள் இருக்கிறியள்."

அம்மா எழும்பவில்லை.

"பேரைச் சொல்லியே கூப்பிடுங்கோவன்."

"அந்தப் பேரைச் சொல்லி உங்களை ஏசித்தான் எனக்குப் பழக்கம். இனிச் சுவாமிமாரை ஏசினால் எனக்கெல்லோ பாவம்."

திருநெல்வேலிச் சந்தி வந்தது. பஸ் நிற்க முன்னமே அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதிபலகையில் காலை வைத்தார்.

"சுவாமி, நில்லடா. பஸ் நிக்கட்டும்."

சுவாமி நின்றார்.