மாட்டோடு வளர்ந்தவன்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, மேடம். பால்தான் பாக்கெட் பால். மாட்டோடு வளர்ந்தவன் நாக்கு அதை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடும், என்ன செய்வது. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது காடு அழித்தது. நன்னிலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, ஆற்றுப் படுகையில் அப்பா விட்டுப்போன எட்டு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். அப்பா காலத்தில் கத்தரியும் வாழையுமாக இருந்த இடம். தம்பி பஞ்சநதத்தின் பொறுப்பில் விட்ட பிறகு கருவேல், நாணல், கோரை என்று எது வந்தாலும் வாங்க என்று உட்கார வைத்துவிட்டான். நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் ஒரு மாடு, மாட்டுக்குப் பக்கத்தில் அவன். கேட்டால், மாடு நிழலில் படுக்கிறது, கீரிப்பிள்ளை குட்டி போட்டிருக்கிறது என்பான். ஊரெல்லாம் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது இவன் கீரிப்பிள்ளைக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். கும்பகோணத்தில் பாத்திரக் கடை. அது வயிற்றுக்கு. மற்றபடி நாட்டு மாடு என்றால் இந்தப் பக்கம் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். போட்ட சால்வையிலேயே வீட்டில் ஒரு பீரோ நிறைந்துவிட்டது. நான் பேச ஆரம்பித்தால், மாட்டைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விடியலில் சாணி அள்ளியது, உம்பளாச்சேரிக் கன்றுக்குச் சூடு போட்டபோது அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது, வெள்ளத்தில் வாலைப் பிடித்து ஆறு கடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நஞ்சுக்கொடிக் கதை. மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, பாலுள்ள மரமாகப் பார்த்து, ஆலமரத்தில் உயரக் கட்ட வேண்டும். நாய் இழுத்துப் போனால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். எட்டு வயதில், கொட்டுகிற மழையில், அந்த மூட்டையோடு மரம் ஏறிய இடம் வரும்போது கைதட்டல் அடங்க நேரமாகும்.

ஒரு சின்ன விளக்கம். மரம் ஏறியது தம்பி. அழுததும் ஆறு கடந்ததும் அவன்தான். நான் கும்பகோணத்தில் ஹாஸ்டலில் படித்தேன். லீவுக்கு வந்தால் அவன் மேல் வீசுகிற சாண வாடைக்குத் தள்ளிப் படுப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவன் இதையெல்லாம் ஒருநாளாவது யாரிடமாவது சொன்னானா? நிலத்தைப் போட்டு வைத்ததுபோல அதையும் சும்மா போட்டு வைத்திருந்தான். தரிசாகக் கிடந்ததை உழுது பயிர் வைத்தவன் நான். அப்புறம் அது யாருடையது?

சென்னைக்காரர்கள் வந்து தங்கி, சாணி மிதித்துவிட்டுப் போக அங்கே ஒரு பண்ணை வீடு கட்டுவதாக இருந்தேன். மாசியில் முதல் கூட்டம் ஒரு வேன் நிறைய வந்தது. ஜமக்காளம் விரித்து உட்கார வைத்து நஞ்சுக்கொடிக் கதையைச் சொன்னேன். மரம் ஏறும் இடத்தில், பக்கத்தில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பஞ்சநதம் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. அவனுக்கு எண்ணமே கிடையாது.

"அண்ணன் அப்ப ஹாஸ்டல்ல இருந்தாங்க. ஏறுனது நான். கீழ விழுந்து கை முறிஞ்சுது. இன்னும் நேரா நீட்ட வராது, பாருங்க."

வேன் மொத்தமும் எழுந்து அவனிடம் போய்விட்டது. அந்தக் கோணல் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் மைக்கோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை. போகும்போது ஒருவர், அடுத்த கூட்டத்துக்குத் தம்பியையே பேசச் சொல்லுங்களேன் என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார். காட்டை அழித்துவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சித்திரையில் கோரை காய்ந்து சருகாகிவிடும். மத்தியானம் மேல்காற்று அடிக்கும். பஞ்சநதம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகையில் படுத்தால் லேசில் எழமாட்டான். ஆனால் உள்ளே சினைமாடு நின்றது. மாட்டோடு வளர்ந்தவன் அதை எரிய விடுவானா? கயிற்றை அவிழ்த்து இழுத்தேன். வரவில்லை. முறைத்துக்கொண்டு நின்றது. எத்தனையோ மேடையில் அதைத் தாய் என்று சொன்னவன் நான், அதற்கு என்னை யாரென்றே தெரியவில்லை.

பஞ்சநதத்தின் துண்டு அவன் தலைக்கடியில் இருந்தது. அவன் மனைவி ஷோபனா ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டிக் கொடுத்த துண்டு. தலையை மெதுவாகத் தூக்கி அதை உருவினேன். வெறுந்தரையில் கழுத்து வலிக்குமே என்று கொஞ்சம் வைக்கோலை மடித்து வைத்தேன். கண்ணைத் திறந்தான்.

"அண்ணனா? வாங்கண்ணே."

"நான்தான்டா. தூங்கு."

தூங்கிவிட்டான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டான்.

துண்டைத் தோளில் போட்டதும் மாடு பின்னாலேயே வந்தது. நெருப்பைக் கண்டால் மாடு பழகிய கொட்டகைக்குள்ளேதான் ஓடும் என்று பஞ்சநதம் எப்போதோ சொல்லியிருக்கிறான். அதனால் வாசல் படலை இழுத்துச் சாத்தினேன். அவிழ்த்த நைலான் கயிறு கையில் இருந்தது, அதைக் கொண்டே வெளிப்பக்கம் கட்டினேன். மாடு நுழைந்துவிடக் கூடாதே என்றுதான் இரண்டு முடிச்சாகப் போட்டேன். பிறகு காற்று வரும் பக்கம் போய் நாணலில் நெருப்பு வைத்துவிட்டு, மாட்டை மேட்டில் நிறுத்தித் தடவிக்கொடுத்தேன். அண்ணே, அண்ணே என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான். மாடு அந்தப் பக்கம் திரும்பியது. அதன் கண்ணைத் துண்டால் மூடினேன். வாயில்லா ஜீவன், அதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

மறுநாள் துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மாடு கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து வந்து என் தோளை நக்கியது. ஊரே பார்த்தது. அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. துண்டைக் கழற்றிப் போட்டிருக்கலாம்தான். மனம் வரவில்லை. ஷோபனா எழுந்து வந்து அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் சோறு போட்டுட்டு வர்றப்ப இது அவங்க தலைமாட்டுல இருந்துச்சு. உங்ககிட்ட எப்படி வந்துச்சு மாமா?"

மாடு துண்டைத் தேடித்தான் வந்ததாம், என்னைத் தேடி இல்லையாம். அப்படியும் சொல்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள், எதையாவது சொல்லத்தான் செய்வாள்.

ஆமாம் மேடம், அவன் உள்ளே இருப்பது தெரிந்துதான் கட்டினேன், தெரிந்துதான் வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மாடு இன்றோ நாளையோ கன்று போட்டுவிடும். என்னைக் கொஞ்ச நேரம் அந்த ஆலமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற துண்டையும் கொடுங்கள், அது இல்லாமல் மாடு என்னைக் கிட்டே சேர்க்காது. நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போய்விடக் கூடாது பாருங்கள். அதைக் கட்டத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் இப்போது நான் ஒருவன்தான்.