நூலுக்குப் போகாத மெழுகு

என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இப்போதும் பாருங்கள், உங்கள் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மன்னியுங்கள்.

படித்தது வேதியியல். நேர்காணலுக்குப் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அக்கா வீட்டிலிருந்தபடியே ஒரு கடைக்கு, கார் ஸ்டியரிங்குக்கான தோலுறை தைத்துக் கொடுத்தேன். நான் ஓரிடத்தில் உட்காருவது அப்போது மட்டும்தான். தோலை நனைத்து, கடையில் கழற்றித் தரும் ஸ்டியரிங் வளையத்தில் சுற்றி, உள்விளிம்பில் இரண்டு ஊசியால் குறுக்கும் மறுக்குமாக இழுத்துத் தைக்க வேண்டும். காய்ந்ததும் தோல் சுருங்கி வளையத்தைக் கவ்விக்கொள்ளும். நூல் இற்றுப்போகாமலிருக்க மெழுகு தேய்க்க வேண்டும். அது அக்காவின் வேலை. எதிரில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி, மெழுகுக் கட்டியில் நூலை இழுத்து இழுத்துத் தருவாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு இருந்தது அந்த மேசையும் அந்தப் பேச்சும்தான்.

அத்தான் நல்லவர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஸ்டியரிங்குக்கே சட்டை தைக்கிற விஞ்ஞானி, எனக்கு ஒண்ணு தைச்சா குறைஞ்சா போயிடுவே?" என்பார்.

"உங்க தொப்பைக்கு முழு மாட்டுத் தோல் வேணும்" என்பாள் அக்கா. நானும் சிரிப்பேன்.

பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது.

"நீயும் எங்களோட வந்துடு" என்றார். ஒப்புக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அந்தச் சரசரப்பு எந்த அறைக்குப் போனாலும் கேட்டது. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

"கால்ல சக்கரமாடி கட்டியிருக்கே? செத்த உக்காரேன்" என்றாள்.

ஒரு சின்ன விபத்து போதும் என்று கணக்குப் போட்டேன். அத்தான் கடைத்தெருவில் மெதுவாகத்தான் ஓட்டுவார். வண்டி எதிலாவது உரசும், அவருக்குக் கை பிசகும். புது வேலை அவருக்காகக் காத்திருக்காது.

போகும்போது பரிசு என்று சொல்லி அவர் காருக்கு ஓர் உறை தைத்தேன். தோலை நனைக்கவில்லை. கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன். நூலுக்குப் போக வேண்டிய மெழுகைத் தோலின் உட்பக்கம் தேய்த்தேன். பருத்தி நூலை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் காயவைத்தேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நேராகப் போகும்வரை தாங்கும். வெடுக்கென்று திருப்பினால் தையல் விடும். கையோடு உறை வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டியரிங் திரும்பாது.

காரில் மாட்டியதும் அத்தான் வாசலிலேயே அதில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தார். "கையோட ஒட்டிக்குது, விஞ்ஞானி."

அதன்பின் அவர் வெளியே போகும்போதெல்லாம் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்பி வந்தார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

புது வீட்டைப் பார்த்து வரலாம் என்று ஒருநாள் இருவரும் கிளம்பினார்கள். வழி மலைப்பாதை. அத்தான் சாவியை அக்காவிடம் நீட்டினார். "நீ ஓட்டு. நான் ஒரு தூக்கம் போடறேன்."

நான் படியில் நின்றிருந்தேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்குத்தான் பேச்சு சட்டென்று வராதே.

"பாத்துப் போக்கா" என்றேன்.

மலைப்பாதை வளைவில் கார் பள்ளத்தில் விழுந்தது. அத்தான் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். அக்காவின் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. கவனமில்லாமல் ஓட்டியது தான்தான் என்று அவள் சொல்லியிருப்பதால் அவளைக் கைது செய்ய வந்தீர்கள். அது சரியல்ல. அக்கா நன்றாக ஓட்டுவாள். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

புது வீட்டில் எனக்கென்று ஜன்னலோரமாக ஒரு தையல் மேசை போடச் சொல்லியிருந்தாராம் அத்தான். அக்கா சொன்னாள். என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

நேற்றுக் காலை ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "அந்த உறைக்கு மட்டும் ஏன்டி என்கிட்ட நூல் தரல?"

"பரிசாச்சேக்கா. உனக்கும் தெரியக் கூடாதுன்னுதான்" என்றேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? நான் வீட்டுக்குப் போக வேண்டும், அக்கா பசியோடு இருப்பாள். என் கையால் தந்தால்தான் அவளுக்கு இறங்கும். நேற்றிலிருந்து நான் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. களைப்பாக இருக்கும்.